கெமிக்கல் இல்லாத கிரீம்

சூரியபிரகாஷ்: யாரு புகார் குடுத்ததுன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காதக்கா.

முனீஸ்வரி: தெரிஞ்சா சொல்லு.

சூரியபிரகாஷ்: கூடப் பொறந்த தம்பி கம்பெனிக்கு ட்ரக்ஸ் இன்ஸ்பெக்டர அனுப்பி விட்டுட்டு, ஒண்ணுமே நடக்காத மாதிரி வந்து உக்காந்திருக்க பாரு...

முனீஸ்வரி: நீதான போன் போட்டு வான்னு சொன்ன. லீவு சொல்லிட்டு மதுரையில இருந்து பஸ் ஏறி வாரேன். ஒரு வாய் தண்ணி குடிக்க விடு.

சூரியபிரகாஷ்: குடி. குடிச்சிட்டு பதில் சொல்லு. நேத்து நடுப்பகல்ல ஜீப்புல வந்து எறங்குறாங்க. செந்தளிர் கிரீம் டப்பாவ எடுத்து சாம்பிள்னு சீல் வச்சுக் கொண்டு போறாங்க. திருமங்கலம் பஜாரே நின்னு வேடிக்க பாக்குது.

முனீஸ்வரி: வேடிக்க பாத்தவங்கள விடு. அந்தக் கிரீம மூஞ்சியில போட்டவங்களப் பத்திப் பேசுவோம்.

சூரியபிரகாஷ்: பேச்ச மாத்தாத. மருந்துக் கம்பெனி லேப்ல வேல பாக்குறவ நீ. எந்த ஆபீசுல, யாருட்ட, எப்படி எழுதிக் குடுக்கணும்னு நம்ம குடும்பத்துல ஒன்னத் தவிர எவனுக்குத் தெரியும்?

முனீஸ்வரி: சரி. நான்தான்னு வச்சுக்க.

சூரியபிரகாஷ்: அதென்ன வச்சுக்க... ஆமாவா, இல்லையா?

முனீஸ்வரி: எதச் சொன்னாலும் டப்பாக்குள்ள இருக்குறது மாறப் போகுதா?

சூரியபிரகாஷ்: டப்பாக்குள்ள என்ன இருக்கு? குங்குமப்பூ, அதிமதுரம், கத்தாழ. அட்டையில எழுதியிருக்கேன். படிச்சவதான, படி. ‘கெமிக்கல் இல்லாதது’.

முனீஸ்வரி: தண்ணி ஊத்தியிருக்கியா உள்ள?

சூரியபிரகாஷ்: தண்ணி இல்லாம கிரீம் எப்படி வரும்?

முனீஸ்வரி: தண்ணியே கெமிக்கல்தான்டா. அட்டையில மொத வரியே பொய்யி.

சூரியபிரகாஷ்: ஆரம்பிச்சிட்டா... ஒனக்குப் பாடம் நடத்தலேன்னா தூக்கம் வராது.

முனீஸ்வரி: எனக்கு இப்பத் தூக்கம் வரலதான். உன் கிரீம எங்க லேப்ல வச்சு டெஸ்ட் பண்ணிப் பாத்தேன்.

சூரியபிரகாஷ்: ...யாரக் கேட்டு?

முனீஸ்வரி: குங்குமப்பூவும் இல்ல, ஒரு பூவும் இல்ல. கலர் போட்டிருக்க. உள்ள இருக்குறது குளோபெட்டசால். ஸ்டீராய்டு. தோல் வியாதிக்கு டாக்டரு சீட்டு எழுதி, இம்புட்டு நாளைக்குத்தான்னு கணக்குச் சொல்லிக் குடுக்குற மருந்து. அதப் போயி பச்சப் புள்ளைக மூஞ்சியில தெனமும் தேய்க்கச் சொல்லியிருக்க.

சூரியபிரகாஷ்: நான் எங்க கலக்குனேன்? வெளியூர்ல இருந்து டின்னு டின்னா வருது. நம்ம டப்பாவுல அடைக்கிறோம், அட்டை ஒட்டுறோம். அவன் என்ன போட்டான்னு எனக்கெப்படித் தெரியும்?

முனீஸ்வரி: தெரியாது?

சூரியபிரகாஷ்: தெரியாது. அப்பா மேல சத்தியமா...

முனீஸ்வரி: அப்பாவ இழுக்காத. போனவரு நிம்மதியா இருக்கட்டும்.

சூரியபிரகாஷ்: பொண்ணுக கேட்டு வாங்குதுக்கா. ஒரே வாரத்துல பளிச்சுன்னு ஆகுதுன்னு அதுகளே போட்டோ எடுத்து அனுப்புது. இந்தா, என் போன்லயே இருக்கு. போடுறதுக்கு முந்தி, போட்டதுக்குப் பெறகு. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும் ஒனக்கு?

முனீஸ்வரி: முந்தி எடுத்தது அடுப்படி இருட்டுல. பிந்தி எடுத்தது வட்டமா எரியுற ரிங் லைட்டுக்கு முன்னால. இதாடா ஆதாரம்? ஒரு சாமான் வேல செய்யுதுன்னு சொல்லணும்னா, கொஞ்சப் பேருக்கு மருந்தும் கொஞ்சப் பேருக்கு வெறும் களிம்பும் குடுக்கணும். யாருக்கு எதுன்னு குடுக்குறவனுக்கே தெரியக்கூடாது. மாசக்கணக்குல பாக்கணும். தோலுக்கு என்ன ஆச்சுன்னு அளந்து எழுதணும். அப்படித் தேறி வந்த சாமான் கொஞ்சம்தான் இருக்கு.

சூரியபிரகாஷ்: ஆனா பளிச்சுன்னு ஆகுதுல்ல?

முனீஸ்வரி: ஆகும். ஸ்டீராய்டு பட்டா ரத்தக் குழா சுருங்கி, மொதல்ல வெளுத்தாப்புல தெரியும். அப்பறம் தோலு மெலிஞ்சு போகும். செவந்து போகும். பருப் பருவாக் கெளம்பும். மீச மொளைக்கும். வெயில்ல தல காட்ட முடியாது. சரி, வேணாம்னு நிறுத்துனா... நெருப்பா எரியும். எரிச்சல் தாங்காம மறுபடி உன்கிட்டதான் வருவாங்க.

சூரியபிரகாஷ்: நல்லா இருக்குன்னுதான் திரும்ப வாங்குறாங்க.

முனீஸ்வரி: நல்லா இருக்குன்னு இல்லடா. விட முடியல. டி.கல்லுப்பட்டி மொக்கையன் மாமா மக சிவரஞ்சனியப் பாத்தியா?

சூரியபிரகாஷ்: நர்சிங் படிக்கிற புள்ளதான... ஏன், அதுக்கென்ன?

முனீஸ்வரி: படிச்ச புள்ள. இப்ப காலேஜுக்குப் போறதில்ல. வீட்டுக்குள்ளயே துப்பட்டாவச் சுத்திக்கிட்டு உக்காந்திருக்கா. அடுப்புப் பக்கம் போக முடியல, அம்புட்டு எரிச்சல். மாமா என்னையக் கூட்டிட்டுப் போயி காட்டுனாரு. துப்பட்டாவ எடுக்கச் சொன்னேன்... எடுத்தா.

சூரியபிரகாஷ்: அது வேற எதையாச்சும் போட்டிருக்கும். கண்டதையும் வாங்கித் தேய்க்குதுக.

முனீஸ்வரி: ஜன்னல்ல அடுக்கி வச்சிருக்கா, எல்லாம் செந்தளிரு. காலி டப்பாவக்கூடத் தூக்கிப் போடல.

சூரியபிரகாஷ்: யக்கா, நல்ல கிரீமு வித்தவன்தான் நானு. மறந்துட்டியா? நீ சொன்ன சாமானப் போட்டுத்தான ஆரம்பிச்சேன். நியாசினமைடு, கிளிசரினு... வெயிலுக்குன்னு தனியா ஜிங்க் ஆக்சைடு கிரீமு. அட்டையில என்ன எழுதச் சொன்ன? ‘மூணு மாசம் போட்டா மூஞ்சியில இருக்குற மங்கும் கரும்புள்ளியும் கொஞ்சம் மறையும். பொறந்த நெறம் மாறாது.’ கடைக்காரன் படிச்சுட்டுச் சிரிச்சான். என்னய்யா, விக்க வந்தியா, விக்காம இருக்க வந்தியான்னு கேட்டான்.

முனீஸ்வரி: எழுதுனது அம்புட்டும் உண்ம.

சூரியபிரகாஷ்: உண்ம அலமாரியில தூசி பிடிச்சுக் கெடந்துச்சு. ஒருத்தி எடுக்கல.

முனீஸ்வரி: அதுக்கு வெசத்த விப்பியா?

சூரியபிரகாஷ்: ஒனக்காகத்தான்க்கா ஆரம்பிச்சேன் இந்தத் தொழில. ஒன்னையப் பொண்ணு பாக்க வந்தவங்க காப்பியக் குடிச்சுட்டு, ‘பொண்ணு கொஞ்சம் கருப்பு’ன்னு சொல்லிட்டுப் போனாங்கள்ல. வாசல்ல நின்னு கேட்டவன் நானு. நீ மஞ்சளும் கடல மாவும் மாறி மாறிப் பூசிக்கிட்டு கண்ணாடி முன்னால நின்னதப் பாத்தவன் நானு. அன்னைக்கு இந்தக் கிரீமு ஒனக்குக் கெடச்சிருந்தா...

முனீஸ்வரி: கெடச்சிருந்தா போட்டிருப்பேன்டா. யோசிக்காமப் போட்டிருப்பேன். அத நெனச்சாத்தான் எனக்குப் பயமா இருக்கு. இன்னைக்கு நீ யாருக்கு விக்கிற? அந்த முனீஸ்வரிக்குத்தான் விக்கிற.

சூரியபிரகாஷ்: ...சரி விடு. நடந்தது நடந்து போச்சு. நாளைக்குப் போயி புகார வாபஸ் வாங்கு.

முனீஸ்வரி: வாங்குனா?

சூரியபிரகாஷ்: நான் ஆளப் புடிச்சுப் பேசிக்கிறேன். மிச்சப் பெட்டிகள என் கூட்டாளி ராம்கி வீட்ல எறக்கி வச்சாச்சு. அத மட்டும் ஓட்டிட்டு, இந்தத் தொழிலே வேணாம்னு விட்டுர்றேன்.

முனீஸ்வரி: இன்ஸ்பெக்டர் வந்துட்டுப் போன பெறகும் விப்ப?

சூரியபிரகாஷ்: வீணாக் குப்பையில கொட்டவா? இன்னைக்கு ஒரு ரீல்ஸ் போட்டா அம்புட்டும் போயிரும். அதுக்குத்தான் தமிழு உள்ள கெளம்பிக்கிட்டு இருக்கா. ஏய் தமிழு, ஆச்சா?

தமிழ்வாணி: வாரேங்க. சேல மாத்திக்கிட்டு இருக்கேன்.

முனீஸ்வரி: உன் பொண்டாட்டி மூஞ்சியக் காட்டித்தான விக்கிற.

சூரியபிரகாஷ்: ஆமா. அவ மொகம் தெளிவா இருக்கு. காட்டுறேன். அதுல என்ன தப்பு?

முனீஸ்வரி: அந்தத் தெளிவு எதுனால வந்துச்சு? கல்யாணமாகி வந்தப்ப பருவா இருந்துச்சு. நான்தான் தோல் டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போனேன். அசெலாயிக் ஆசிடுன்னு ஒரு ஆயின்மென்ட் குடுத்தாரு. வெளிய போறப்ப சன்ஸ்கிரீன் போடுறா. பொறுமையா, மாசக்கணக்குல போட்டுத் தேறுனவ. போன்ல அவளப் பாத்து வாங்குற புள்ளைகளுக்கு அது தெரியுமா?

சூரியபிரகாஷ்: விளம்பரம்னா அப்படித்தான். சினிமாக்காரவுக என்ன, அவுக சொல்ற சோப்பையா போடுறாக?

முனீஸ்வரி: தமிழுக்கும் இதப் போட்டுக்கணும்னு ஆசதான். வெளிய இருக்குறவளுகளுக்குப் பூராம் நல்லது, வீட்ல இருக்குற நான் போடக் கூடாதான்னு ஒரு நாள் டப்பாவத் தெறந்தா. நீ கையத் தட்டி விட்ட. இத மட்டும் தொடாத, தோலு போயிரும்னு சொன்ன. சொன்னியா, இல்லையா? இப்ப அப்பா மேல சத்தியம் பண்ணு. உள்ள என்ன இருக்குன்னு ஒனக்குத் தெரியாதுன்னு.

சூரியபிரகாஷ்: இரு... இரு. நான் அவட்ட சொன்னப்ப வீட்ல வேற யாரும் இல்ல. நானும் அவளும்தான். ஒனக்கு இது எப்படித் தெரியும்?

முனீஸ்வரி: தெரியும்.

சூரியபிரகாஷ்: யக்கா, யாரு சொன்னா?

முனீஸ்வரி: நான்தான் புகார் குடுத்தேன்னு சொல்லிட்டேன்ல. என்னையத் திட்டு. அடிக்கணும்னா அடி. அதோட முடிச்சுக்க.

சூரியபிரகாஷ்: நீ எதுக்கு அவளுக்கு முன்னால வந்து நிக்கிற?

தமிழ்வாணி: மதினி, போதும். எனக்காக நீங்க பேச்சு வாங்குனது போதும்.

சூரியபிரகாஷ்: தமிழு... என்னடி இது. ரீல்ஸுக்குக் கெளம்பச் சொன்னா கையில பைய வச்சுக்கிட்டு நிக்கிற.

தமிழ்வாணி: நான் ரீல்ஸுக்குக் கெளம்பலங்க. கல்லுப்பட்டிக்குப் போறேன். சிவரஞ்சனிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். மொகத்த மூடிக்கிட்டுத் தனியா போக மாட்டேங்குறா, நீங்க வாங்கன்னு என்னையத்தான் கூப்புடுறா.

சூரியபிரகாஷ்: அவ எதுக்கு ஒன்னையக் கூப்புடணும்? ஒனக்கும் அவளுக்கும் என்ன பழக்கம்?

தமிழ்வாணி: என் மொகத்தோடதான் பழக்கம். போன்ல தெனமும் பாத்திருக்கா. ஒரு நாள் மெசேஜ் போட்டா. ‘அக்கா, உங்களுக்கும் மொதல்ல இப்படித்தான் எரிஞ்சுச்சா? எப்பக்கா நின்னுச்சு?’ன்னு கேட்டா. என்னங்க பதில் போட... எனக்கு எரியவே இல்லையே. டப்பாவ மதினிட்ட கொண்டுக்கிட்டுப் போயி டெஸ்ட் பண்ணிக் குடுங்கன்னு நின்னது நானு. எனக்கு விவரம் பத்தாது, எங்க போயி எழுதணும்னு மட்டும் அவங்க சொன்னாங்க. புகார்ல கையெழுத்துப் போட்டது நான்தாங்க. ‘விளம்பரத்துல வர்ற பொண்ணு நான், இந்தக் கிரீம ஒரு நாள்கூடப் போட்டதில்ல’ன்னு எழுதி, என் பேரையும் ஒங்க பேரையும்தான் போட்டிருக்கேன்.