மூடி உப்பிய புட்டி

சுட்ட மிளகாயைத் தண்ணீரில் கழுவக் கூடாது, சார்ஜென்ட். கழுவினால் ருசி சாக்கடையோடு போய்விடும். கருகிய தோலை வெறுங்கையால் உரித்துத்தான் புட்டியில் அடைக்க வேண்டும். ஏப்ரோ ஆற்றங்கரையில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். நான் பள்ளிக்கூடம் அதிகம் போகாதவன். மிளகாய் தெரியும். மனுஷனை நம்பக் கூடாது என்று தெரியும்.

என் மகன் உனாய் நிலத்தையும் மிளகாய் அடைக்கும் பட்டறையையும் பார்சிலோனாக் கம்பெனிக்கு விற்கப் பார்த்தான். எனக்குத் துதேலா டவுன் முதியோர் இல்லத்தில் ஓர் அறை.

"சன்னல்ல பாத்தா ஆறு தெரியும்ப்பா."

"இடுப்பளவு ஆத்துல நின்னவன்டா நான். எனக்கு எதுக்குச் சன்னல்?"

சிரித்தான். விற்காதே என்று மிளகாய்ப் பாத்தியில் அவன் முன்னால் மண்டியிட்டேன். "எந்திரிங்கப்பா, அசிங்கமா இருக்கு" என்றான். பெற்றவன் இதற்குமேல் என்ன செய்வான்?

கம்பெனிக்கு ருசி பார்க்கும் நூரியா மே மாதம் ஒருமுறை வந்தாள். ஒவ்வொரு புட்டியிலும் ஒரு துண்டு எடுத்து மென்றாள், காகிதக் கோப்பையில் துப்பினாள்.

"தப்பா நினைக்காதீங்க தாத்தா, எங்க தொழில் அப்படி."

"எங்க தொழில் முழுங்குறதும்மா" என்றேன். உனாய் என் காலை மிதித்தான்.

எங்கள் பட்டறையில் மூடி பார்ப்பது என் வேலை. உள்வாங்கிய மூடி நல்லது. கட்டைவிரலை எதிர்த்து எழும்பினால் உள்ளே விஷம், கொல்லைக் குழியில் புதைத்துவிடுவோம். என் அக்கா அப்படி ஒரு புட்டியிலிருந்து தின்றுதான் செத்தாள். அதனால் அந்த வேலையை யாரிடமும் விட்டதில்லை.

அக்டோபரில் நூரியா விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்க வந்தாள். மேசைக்குப் புட்டி எடுத்து வைத்தவன் நான். ஒரு மூடி விரலுக்கடியில் எழும்பியது. அதையும் வைத்தேன். அவளுக்கு வயிறு கலங்கினால் கம்பெனி ஓடிவிடும், அவ்வளவுதான் கணக்கு.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. புட்டியைத் திறக்கிறவன் அதன் சாற்றில் ரொட்டியை முக்கி, விருந்தாளிக்கு முன்னால் தான் சாப்பிட வேண்டும். உனாய் திறந்தபோது புஸ்ஸென்றது. நான் இருமினேன்.

"லேசா வாடை அடிக்குதோப்பா?"

"விறகுப் புகைடா. சாப்பிடு."

சாப்பிட்டான். நூரியா வழக்கம்போலத் துப்பினாள், தலைசுற்றலோடு தப்பினாள்.

மறுநாள் பாம்ப்லோனா ஆஸ்பத்திரியில் அவனுக்கு நாக்குக் குழறியது. "நீங்க ரெண்டு பேராத் தெரியுறீங்கப்பா. ஒருத்தரையே சமாளிக்க முடியல" என்றான். அப்போதும் அவனுக்குக் கிண்டல்.

டாக்டர் கேட்டார்: "வீட்டுல அடைச்சது ஏதாவது சாப்பிட்டாரா? உடனே சொன்னா மருந்து இருக்கு."

இல்லை என்றேன். எங்கள் புட்டிக்குக் கெட்ட பெயர் வரக் கூடாதல்லவா. மூச்சு அடங்கும்வரை அவன் கையை விடவில்லை. நல்ல தகப்பன் விடமாட்டான்.

அவள் துப்புகிறவள் என்று தெரிந்தும் யாருக்காக வைத்தாய் என்று கேட்கிறீர்கள். திறக்கிறவன் முதலில் சாப்பிட வேண்டும் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். எழுதிக்கொள்ளுங்கள்.

கொஞ்சம் சீக்கிரம் முடியுங்கள். மிளகாய் செடியிலேயே அழுகுகிறது. பறிக்க வீட்டில் ஆள் இல்லை.