கேக்கம்மாவின் ஓவன்

எனக்குக் கேக் பிடிக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குக் கேக்கின் மேல் ஏதோ தீராத பகை இருந்ததுபோல் என் மனைவியின் வீட்டார் பேசிக்கொண்டு திரிகிறார்கள். அப்படி எதுவும் இல்லை. அதிலும் அவள் செய்யும் ஆரஞ்சுக் கேக்கை வாயில் போட்டால் தானே கரைந்துவிடும். பல்லுக்கு வேலையே கிடையாது.

எங்கள் தெருவில் அவளைக் கேக்கம்மா என்பார்கள். யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும், யார் பரீட்சையில் பாஸானாலும் அவள் கேக்தான். என்னைக் கேக்கம்மா வீட்டுக்காரர் என்பார்கள். இன்ஷூரன்ஸ் ஆபீசில் எனக்கென்று ஒரு நாற்காலியும் பெயர்ப்பலகையும் உண்டு. தெருமுனை திரும்பிவிட்டால் நான் கேக்கம்மா வீட்டுக்காரர். இதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. ஒரு தகவலுக்காகச் சொல்கிறேன்.

போன வருடம் ஒரு பழைய கார் வாங்கினேன். ஓடாத கார். அடுத்த தெரு மெக்கானிக் வந்து திறந்து பார்த்துவிட்டு, "முதல்ல இன்ஜினைப் பார்க்கணும் சார்" என்றார். எனக்கு இன்ஜினைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரியாத விஷயத்தில் மூக்கை நுழைப்பது என் வழக்கமல்ல. அதனால் இன்ஜினை விட்டுவிட்டு, அதன் தலையில் இருக்கும் முழ நீள மூடியைக் கழற்றி அழகுபடுத்துவது என்று முடிவு செய்தேன்.

பிரஷ்ஷால் அடித்த பெயின்ட் வெயிலில் வெங்காயத் தோலாய் உரிந்தது. ஹார்டுவேர் கடைக்காரர்தான் பவுடர் கோட்டிங் பற்றிச் சொன்னார். மாவு போன்ற வண்ணப் பொடியை ஒரு துப்பாக்கியில் போட்டு ஊத வேண்டும். மின்சாரத்தின் இழுப்பில் பொடி போய் உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும். அதை அப்படியே இருநூறு டிகிரியில் வேகவைத்தால், உருகித் தோலாகப் பிடித்துவிடும். நகத்தால் சுரண்டினாலும் வராது. "வீட்லயே பண்ணலாம் சார். பெரிய ஓவன் ஒண்ணு இருந்தா போதும்" என்றார்.

எங்கள் வீட்டில் பெரிய ஓவன் ஒன்று இருந்தது.

அவள் தன் தங்கையைப் பார்க்கப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூடியை நன்றாகத் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவி, சிவப்புப் பொடி அடித்து உள்ளே வைத்தேன். வெளியே எடுத்தபோது அது செர்ரிப் பழம்போல் மின்னியது. அதில் என் முகம் தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டு வெகு நேரம் நின்றேன். என் கல்யாணத்தன்றுகூட நான் அப்படி நின்றதில்லை.

சாயங்காலம் அவள் வந்து, "ஏங்க, என்னமோ வாடை வருதே?" என்றாள்.

"எலக்ட்ரீஷியன் வந்து ஒயர் மாத்திட்டுப் போனாம்மா" என்றேன்.

பவுடர் டப்பாவில் கொட்டை எழுத்தில் ஓர் எச்சரிக்கை உண்டு. இதற்குப் பயன்படுத்திய ஓவனில் அதன்பிறகு உணவுப் பொருள் எதுவும் செய்யக் கூடாது. எதையும் படித்துப் பார்க்காமல் செய்பவன் அல்ல நான். முதல் நாள், மூடியை உள்ளே வைப்பதற்கு முன்பே படித்துவிட்டேன். ஆகவே கேக், காரின் உதிரிப்பாகம் இரண்டில் ஒன்று அந்த ஓவனை விட்டு வெளியேறியாக வேண்டும். ஊரார் வயிற்றோடு விளையாட என் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. கேக்கை நிறுத்துவது என்று தீர்மானித்தேன்.

இன்னொரு ஓவன் வாங்கியிருக்கலாமே என்று இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அப்போது யாரும் கேட்கவில்லை.

நேரடியாகச் சொன்னால் அவள் மனம் நோகும். அதனால் பக்குவமாக ஆரம்பித்தேன். ஒரு துண்டை மென்றுகொண்டே, "கொஞ்சம் வறண்டாப்ல இல்ல?" என்றேன்.

"அப்படியா?" என்று அவளும் ஒரு துண்டை எடுத்துத் தின்று பார்த்தாள். "எனக்குத் தெரியலையே."

"எனக்குத்தான் நாக்கு சரியில்லபோல" என்றேன். அப்படிச் சொன்னால்தான் சந்தேகம் உள்ளே போய்த் தங்கும்.

அதன்பிறகு, கேக்குக்கென்று அவள் தனியாக வைத்திருந்த சர்க்கரை டப்பாவில் உப்பைக் கலந்தேன். ஓவனின் குமிழைக் கழற்றி, நூற்றெண்பதில் வைத்தால் உள்ளே இருநூற்று முப்பது போகும்படி திருப்பிப் பொருத்தினேன். சரியான கணக்கு எனக்கு மட்டும் தெரியும் என்பதால் என் வேலைக்கு அதனால் இடைஞ்சல் இல்லை. அவள் கேக்குகள் வெளியே கரியாகவும் உள்ளே கூழாகவும் வந்தன. வாயில் வைத்ததும் யாராக இருந்தாலும் துப்பிவிடுவார்கள். சாப்பிடவே முடியாத கேக்கால் யாருக்கும் கெடுதல் வராது. இந்த ஒரு விஷயத்தில் நான் எவ்வளவு பொறுப்போடு நடந்துகொண்டேன் என்பதை யாருமே பேசுவதில்லை.

டாக்டர் வீட்டுப் பெண்ணின் பிறந்தநாளுக்குப் போன கேக்கை மறுநாள் டாக்டரம்மாவே பெட்டியோடு கொண்டுவந்தார். "எல்லாரும் வயிறு நிறையச் சாப்பிட்டாச்சு, இது மிச்சம்" என்றார். பெட்டிக்குள் கத்தியே படாத முழுக் கேக் இருந்தது.

அன்று அவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதாள். "என் கையே போயிடுச்சுங்க. எங்க தப்புப் பண்றேன்னே தெரியல." நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். என் நகக்கண்ணில் கொஞ்சம் நீலப்பொடி ஒட்டியிருந்தது. அவள் அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை. "வயசாகுதில்ல, விடு" என்றேன். அவளைத் தேற்ற வேறு யார் இருக்கிறார்கள்?

கேக் அச்சுகளை அவள் ஒவ்வொன்றாகத் தானம் செய்தாள். தெருவில் இறங்குவதைக் குறைத்துக்கொண்டாள். ஓவன் சும்மாதானே கிடக்கிறது என்று நான் மெல்ல எடுத்துச் சொன்னதும், தன் கையுறைகளையும் கழுவிக் காயவைத்து என்னிடம் கொடுத்தாள். "சூடு பட்டுடப் போகுது. நீங்களாவது ஆசையா ஏதோ செய்றீங்களே." எனக்குக் கண் கலங்கியது. இப்படி ஒரு மனைவி யாருக்கு வாய்க்கும்?

அந்த மாதங்களில் சக்கர விளிம்புகள், கைப்பிடிகள், பேட்டரித் தட்டு எல்லாம் முடிந்தன. மெக்கானிக் வந்து பார்த்து, "கண்ணுல ஒத்திக்கலாம் சார். ஆனா ஓடாது" என்றார். தெருவில் இரண்டு பேர் என்னைக் கலர் சார் என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள். இரண்டு பேர்தான். ஆனால் தொடக்கம்.

வினை மச்சான் வீட்டிலிருந்து வந்தது. மச்சான் என்றால் அவளுடைய அண்ணன், பள்ளித் தலைமையாசிரியர். அவருடைய மகள் பிறந்தநாளுக்கு அத்தை கேக்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்திருக்கிறாள். இவள் மாட்டேன் என்று சொல்லியும் விடாமல் கூட்டிப்போய், அவர்கள் வீட்டு ஓவனில் செய்ய வைத்திருக்கிறார்கள். கேக் பூப்போல எழும்பி வந்திருக்கிறது. இவள் நின்றபடியே ஒரு துண்டு தின்றாளாம். பிறகு அண்ணனிடம், "உங்க ஸ்கூல் லேப்ல சூடு பார்க்கிற கருவி இருக்குமாண்ணா?" என்று மட்டும் கேட்டாளாம்.

போன வாரம் மச்சான் அந்தக் கருவியோடும், ஓவனைத் தூக்கிப்போக இரண்டு ஆட்களோடும் வந்தார். குமிழ் காட்டியது ஒன்று, கருவி காட்டியது ஒன்று. அலமாரியில் இருந்த கேக் சர்க்கரையை அவர் ஒரு சிட்டிகை நாக்கில் வைத்துப் பார்த்தார். தலைமையாசிரியர் என்பதால் குற்றவாளிகளை நிற்கவைத்துத்தான் விசாரிப்பார். என் வீட்டில், என் வரவேற்பறையில் நான் நின்றேன்.

"மாப்பிள்ளை, இதெல்லாம் உங்க வேலையா?"

"ஆமா மச்சான்." பொய் சொல்வது எனக்குப் பிடிக்காது.

சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்த அவள் கேட்டாள். "ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே. அடுப்புதானேங்க?"

அது எனக்கும் தெரியும். கேட்டால் கொடுத்துவிடுவாள் என்பதால்தான் கேட்கவில்லை. கொடுத்துவிட்டு வேறொன்று வாங்கிக் கேக் செய்துகொண்டே இருந்திருப்பாள். இதை நான் அவர்களிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

"எல்லாத்தையும் ஒத்துக்கிறேன். ஓவனையும் எடுத்துக்கிட்டுப் போங்க" என்றேன். "ஆனா ஒரு பத்து நிமிஷம் பொறுக்கணும். உள்ள காரோட முன்பக்க கிரில் வெந்துகிட்டிருக்கு, தங்கக் கலர்ல. இப்பத்தான் உருகியிருக்கும்."

அவள் மட்டும் உள்ளே போனாள். ஓவன் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. நான் ஓடிப்போய்ப் பார்ப்பதற்குள், கேக் வெந்துவிட்டதா என்று குத்திப் பார்க்கிற நீளமான ஊசியை எடுத்து, இளகிக் கிடந்த அந்தத் தங்க நிறத்தின் நடுவே இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நிதானமாக ஒரு கோடு இழுத்தாள். ஊசியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"இன்னும் வேகலைங்க" என்றாள்.

அன்று இரவெல்லாம் எனக்குத் தூக்கம் இல்லை. இன்னொருவர் பாடுபட்டுச் செய்ததை, அவர் கண்ணெதிரிலேயே, வேண்டுமென்றே கெடுக்க ஒரு மனுஷிக்கு எப்படி மனம் வருகிறது? அதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.