டப்பாவில் மாறிய மாத்திரை

இசைவாணி: இது என் மாத்திரை இல்லம்மா.

விஜயலட்சுமி: வெள்ளையாதானே கீது? முழுங்குடி.

இசைவாணி: என் வலிப்பு மாத்திரை கசக்கும். இன்னிக்குக் கடிச்சுப் பாத்தா இது இனிக்குது... கால்சியமா?

விஜயலட்சுமி: சத்து மாத்திரைதான். பொண்ணுக்குச் சத்து வேணாமா?

இசைவாணி: எப்போலேர்ந்து?

விஜயலட்சுமி: திங்கக்கெழமைலேர்ந்து. நாளைக்கு நிச்சயம்டி! முன்ன திருக்கோவிலூர்க்காரங்க பொண்ணு பாக்க வந்தப்போ, அந்த மாத்திரையப் போட்டுக்கினு கேசரித் தட்டோட தூங்கி வழிஞ்சே. பொண்ணு மந்தம்னு எழுந்து போய்ட்டாங்களே...

இசைவாணி: பினோபார்பிடோன்மா அது. கண்டபடி துள்ளுற மூளைய அமுக்கி வெக்குது. வலிப்பு மட்டும் அடங்கணும், கேசரி குடுக்குற கை மட்டும் சுறுசுறுப்பா இருக்கணும்னா எப்படி?

விஜயலட்சுமி: இப்போ பாரு, எவ்ளோ தெளிவா பேசுற! மொகம்கூட களையா...

இசைவாணி: களை! காலைலேர்ந்து கை வெட்டி வெட்டி இழுக்குது. டம்ளர் பறந்துச்சே, இன்னான்னு நெனச்சே?

விஜயலட்சுமி: கல்யாணப் பொண்ணு... வெக்கம்னு...

இசைவாணி: வெக்கத்துல டம்ளர் சுவத்துக்குப் பறக்குமா? சின்ன வயசுலேர்ந்து அந்த மாத்திரைக்குப் பழகின மூளை. திடீர்னு நிறுத்தினா மொத்தமா சேத்து வெச்சு இழுக்கும். உயிரே போவும்.

விஜயலட்சுமி: அய்யோ... இந்தா, ஒளிச்சுதான் வெச்சிருக்கேன். உட்டதெல்லாம் சேத்து இப்பவே போட்டுக்கோ.

இசைவாணி: பேஷ்! அப்படி முழுங்கினா மூளை மூச்சு வுடறதையே மறந்துடும். நாளைக்கு மாலை ரெடியாத்தானே இருக்கு?

விஜயலட்சுமி: வாயக் கழுவுடி!

இசைவாணி: டம்ளர் பறந்தப்பவே சந்தேகப்பட்டு டாக்டர்கிட்ட பேசிட்டேன். மாத்திரை வுட்டுப் போயிருந்தா ஒண்ணே ஒண்ணு போட்டுக்கினு உடனே ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னாரு.

விஜயலட்சுமி: இங்க கள்ளக்குறிச்சியிலயா? ஊரே பாக்கும்! மாப்ள வூட்டுக் காதுக்குப் போச்சுன்னா... சேலம் போலாம்டி. நாளைக்கு எல்லாம் முடிஞ்சதும்...

இசைவாணி: மேடையிலயே இழுத்தா?

விஜயலட்சுமி: ...சாமி வந்துடுச்சுன்னு சொல்லிக்கலாம்.

இசைவாணி: எந்த சாமின்னும் நீயே முடிவு பண்ணிக்கோ. வெளிய கார் சத்தம். கதவைத் தொற.

விஜயலட்சுமி: யாருடி இப்போ?

இசைவாணி: உன் மாப்ள தமிழ்வேந்தன், அவங்கம்மா. என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போவ.

விஜயலட்சுமி: அடிப்பாவி... இன்னாடி சொல்லித் தொலைச்சே?

இசைவாணி: பொண்ணு பாக்க வந்தன்னிக்கே மாத்திரை அட்டையக் காட்டிட்டேன்மா. அவங்கம்மாதான், "உங்கம்மா இதை மறைக்கப் பாடுபட்டுக்கினு கீறாங்க, எங்களுக்குத் தெரியும்னு காட்டிக்காதம்மா, மனசு நொந்துடுவாங்க"ன்னு சொன்னாங்க.