இன்னும் நாலு நாள்

சவூதியில், ஜுபைல் லேபர் கேம்புக்குத் திரும்பும் கம்பெனி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர். அதில் பெரியவர், கேம்பில் தமிழாட்களின் சண்டை சச்சரவுகளை வெள்ளிக்கிழமைதோறும் காசு வாங்காமல் கேட்டுத் தீர்த்துவைப்பவர் என்பது பேச்சில் தெரிந்தது.

"இனிமே பஞ்சாயத்துக்கு என்னைக் கூப்பிடாதீங்கப்பா."

"என்னண்ணே ஆச்சு?"

"வாட்ச்சைத் திருடிட்டான்னு முத்துவை ஒரு மாசம் மெஸ்ஸுல யாரும் சேர்க்கக் கூடாதுன்னேன்ல. அந்த வாட்ச் ஊர்ல இருக்குடா. தொலைச்சவனே கார்கோ பெட்டியில போட்டு அனுப்பிட்டு மறந்திருக்கான். பெட்டியைப் பிரிச்சுட்டு அவன் பொண்டாட்டி போன் பண்ணுது."

"முத்து எடுக்கலன்னு சொல்லலையா?"

"நான் எங்க கேட்டேன்? பஞ்சாயத்து நடக்கும்போது அவன் டூட்டியில இருந்தான். எல்லாரும் அவனைக் கைகாட்டினாங்க, தீர்ப்பு சொல்லிட்டேன்."

"சரி, போய் ஒரு வார்த்தை சொல்லிருங்க."

"நேத்து போனேன். தனியா அடுப்பு வச்சு சோறு பொங்கிட்டு இருந்தான். என்னைப் பார்த்ததும் எந்திரிச்சு நின்னு, 'இன்னும் நாலு நாள்தானண்ணே'ன்னு கேட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஆமான்னு சொல்லிட்டு வந்துட்டேன்."