சூசன் அக்கா வீட்டுத் தொட்டியும் குட்டிப் பூச்சியும்

இந்த அவைக்குத் தலைமையேற்று, என் பேச்சையும் பொறுத்துக்கொள்ளப் போகிற ஐயா சிவானந்தம் அவர்களே! முன்வரிசையை அலங்கரிக்கும் முதுபெரும் பெரியோர்களே! லிஃப்ட் ஓடாததால் மாடிப்படி இறங்கி, மூச்சு வாங்க வந்தமர்ந்திருக்கும் தாய்மார்களே! சாப்பாட்டு மேசையையே கண்கொட்டாமல் காவல் காக்கும் தம்பிமார்களே! புக்கிட் பெலிம்பிங் அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கச் செயலாளர் குமரவேலின் வணக்கத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்.

வீரத்தைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கலாம். வீட்டுச் செடியில் வரும் பூச்சியைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பேசுகிறேன். கடிக்குமா? கடிக்காது. கொட்டுமா? கொட்டாது. ஆனால் காப்பியில் விழும், கண்ணில் விழும், கறிக்குழம்பில் விழும்!

மூன்றாம் மாடியில் கிளாரன்ஸ் அண்ணன் காலமானது உங்களுக்குத் தெரியும். அவர் கடைசியாக வாங்கி வந்த மணி பிளாண்ட், ஹாலில் அவர் படத்துக்குக் கீழே இருக்கிறது. இந்தக் கதையை அவர் மனைவி சூசன் அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். அந்தத் தொட்டியிலிருந்துதான் பூச்சி புறப்பட்டது. பக்கத்து வீட்டுக்கும் எதிர்வீட்டுக்கும் படையெடுத்தது.

"சோத்துல விழுது செயலாளரே, தொட்டியத் தூக்கிப் போடச் சொல்லுங்க லா!" என்றார் பக்கத்து வீட்டு நல்லம்மாள். எதிர்வீட்டு புஷ்பாவும் சேர்ந்துகொண்டார். மூவருமாகப் போனோம்.

சூசன் அக்கா தொட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "அவரு கையால வச்சதுங்க. அவரும் போயிட்டாரு, இதையும் கொண்டு போறீங்களா?" என்றார். "கொண்டு போகமாட்டோம் அக்கா" என்று சொல்லித்தான் கையில் வாங்கினேன்.

தொட்டியைத் தூக்கிப் பார்த்தேன். கனமான கனம்! அடித்தட்டில் தண்ணீர் தேங்கி நாறியது. மண்ணைக் கிளறினால் நூல் நூலாய்ப் புழு. "இவ்வளவு தண்ணீர் யார் ஊற்றியது?" என்று கேட்டேன்.

"காலையில அரிசி களைஞ்ச தண்ணி ஊத்துவேன்," என்றார் சூசன் அக்கா. நல்லம்மாள் மெல்ல இருமினார். "துக்க வீட்டுல அடுப்பு மூட்டக் கூடாதுன்னு சோறு கொண்டாந்தோம்ல, அப்ப நானும் ஒரு சொம்பு ஊத்திட்டுப் போவேன். அதுக்கப்புறமும் வரப்போக ஊத்துனேன். செடியாச்சும் பொழைக்கட்டுமேன்னு!" உடனே புஷ்பா, "ஐயையோ, நீங்களுமா? நான் தேத்தூள் சக்கையும் போட்டேனே!" என்றார். சிரிக்காதீர்கள், மாடியில் பாதிப் பேர் ஊற்றியிருக்கிறீர்கள்!

அந்தக் காலத்தில் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் ஊற்றினோம், பூமி குடித்தது. பிளாஸ்டிக் தொட்டி எங்கே குடிக்கும்? மருந்தடித்தால் பறப்பது சாகும். மண்ணுக்குள் பிறப்பது சாகுமா? ஈரத்தை நிறுத்துங்கள். அடித்தட்டைக் கவிழ்த்துக் கொட்டுங்கள். மேல்மண்ணைச் சுரண்டி எறிந்து பருமணலைப் பரப்புங்கள். பறப்பதைப் பிடிக்க மஞ்சள் ஒட்டு அட்டையைக் குத்தி வையுங்கள். விரலை விட்டுப் பார்த்து, உள்ளே காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். என்னம்மா? மஞ்சள்தூளா? அது குழம்புக்கு அம்மா, அட்டைதான் மஞ்சள்!

இதையெல்லாம் சூசன் அக்காவிடம் சொன்னேன். "ஊத்தாம எப்படிங்க இருக்கறது? காலையில எந்திரிச்சா எனக்கு வேற என்ன வேலை இருக்கு?" என்று கேட்டார். பூச்சிக்கு வழி சொல்லப் போனவன் நான். மஞ்சள் அட்டையைக் குத்தி வைத்துவிட்டுப் படியிறங்கி வந்துவிட்டேன்.

ஆனாலும் அக்காவும் அண்டை வீட்டாரும் ஊற்றுவதை நிறுத்தினார்கள். மண் காய்ந்தது, பூச்சி ஓய்ந்தது. ஒரு காலை, கணவர் போனதிலிருந்து வாசலைத் தாண்டாத சூசன் அக்கா நல்லம்மாள் வீட்டுக் கதவைத் தட்டினார். "ஊத்தறதுக்கு ஒண்ணுமில்ல. கை சும்மா இருக்கு. தேத்தண்ணி இருக்கா?" என்றார்.

அவையோரே! துக்க வீட்டுக்குப் போனோம், சோறு வைத்தோம், செடிக்குத் தண்ணீர் வார்த்தோம். செடியைப் பார்த்த நாம் அவரைப் பார்த்தோமா? பக்கத்தில் உட்கார்ந்தோமா? "வாங்கக்கா, நம்ம வீட்டுக்கு" என்று வாய்விட்டு அழைத்தோமா? வாடியது செடியா, அவரா? இனி எந்த வீட்டில் துக்கம் நடந்தாலும் சொம்பைக் கீழே வையுங்கள், ஆளைக் கூப்பிடுங்கள்!

நாற்காலி அடுக்கிய தம்பிகளுக்கும், இருந்து கேட்ட உங்களுக்கும் நன்றி. அதோ, பின்னால் தேத்தண்ணி கலக்குவது சூசன் அக்காதான். வரிசையில் போய் வாங்கும்போது, கொஞ்சம் நின்று பேசிவிட்டு வாருங்கள். வணக்கம்.