நூல் திமில்

— அப்பா, கன்னுக்குட்டி முதுகுல என்னது அது?

— மெல்லப் பேசு லிங்கம்மா. திமிலு.

— திமிலா? நேத்து நான் மதுரையிலருந்து வந்து இறங்கையில முதுகு பலகை மாதிரி இருந்துச்சே!

— நேத்து இல்ல. இன்னைக்கு இருக்கு.

— ஐயோ, இது கழிவு நூலு! உருட்டி வச்சுக் கட்டியிருக்கீக!

— சும்மா உருட்டல. சாயப்பட்டறையில குடுத்து, கன்னு நிறத்துக்கே முக்கி எடுத்தேன். ரோமத்தோட ரோமமா இருக்கா இல்லையா, நீயே சொல்லு.

— எனக்குச் சிரிப்பும் வருது, ஆத்திரமும் வருது. எதை முதல்ல பண்ணட்டும்?

— ரெண்டையும் உள்ள போய்ப் பண்ணு. தெருவுக்குக் கேக்கும்.

— எதுக்குப்பா இந்த வேஷம்?

— பந்தல்குடியிலருந்து வந்து மாட்டுக்குச் சினை ஊசி போட்டாருல்ல, அவரு சொன்னாரு. ‘இது சீமைக் காளையோட வித்து, கன்னுக்குத் திமிலு நிக்காது’ன்னு. திமிலு இல்லாட்டி ஊசிக்கன்னுன்னு தெரிஞ்சிரும். மாட்டுக்கு ஊசி போடக் கூடாதுன்னு தெருக் கட்டுப்பாடு. தெரிஞ்சா, அம்மன் கும்பிடு விருந்துல நம்ம வீட்டுக்கு இலை போட மாட்டாக.

— அட கடவுளே. ஒரு வாரக் கன்னுக்கு, அது நாட்டுக்கன்னாவே இருந்தாலும், திமிலு எடுப்பாத் தெரியாதுப்பா! வளர வளரத்தான் எந்திரிக்கும். சும்மா விட்டிருந்தா ஒருத்தருக்கும் சந்தேகம் வந்திருக்காது.

— அப்படியா?

— அப்படித்தான்.

— எனக்குத் தறியத்தானத்தா தெரியும். மாடு போன வருஷம் வாங்குனது.

— அதான் காலையில இருந்து தெருவே திரண்டு வருதா! ‘பச்சக் கன்னுக்கு இம்மாம் திமிலா’ன்னு குருவம்மா சின்னம்மா கற்பூரம் கொளுத்திட்டுல்ல போறாக!

— அவ கொளுத்துனதுல நூலு பத்தப் பாத்துச்சு. ஊதி அணைச்சேன். ‘திமில்ல இருந்து புகை வருது, அம்மன் இறங்கிட்டா’ன்னு ரெண்டு பேரு விழுந்து கும்பிட்டாக.

— சிரிக்க வைக்காதீக, நான் கோவமா இருக்கேன்! ஊசி போட்டது தப்பே இல்ல. மறைச்சதுதான் தப்பு. ஊரைக் கூட்டிச் சொல்லிட்டுப் போடுங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா?

— சொன்னா விடுவாகளா? கோயில் காளைக்கு வயசாகி, மாட்டைக் கண்டா படுத்துக்கிச்சு. மாசியில செத்தும் போச்சு. நம்ம மாடு மடி வத்தி நிக்கையில யாரை நம்பச் சொல்ற? அந்த மனுசன் பிளாஸ்க்குல ஐஸ் போட்டுப் பஸ்ஸுல கொண்டாந்தாரு. கூட்டியாரப் போன நான்தான் அந்தச் சீமைக் காளைய மடியில வச்சுக்கிட்டு வந்தேன். பக்கத்துல உக்காந்தவன் ஒரு வாய் காப்பி குடுங்கண்ணேங்கிறான்!

— குடுத்தீகளா?

— சீ, கழுத. ஏத்தா, அங்க வாரது யாரு?

— தர்மகர்த்தா சௌடப்ப மாமா.

— செத்தோம். ஊசி கூடாதுன்னு கட்டுப்பாடு போட்டதே அவுகதான். அந்த மஞ்சத் துணிய எடுத்துக் கன்னு மேல போடு! வயித்துக் கயிறு தெரியுது! வாங்க மச்சான், வாங்க!

— எங்கய்யா தெய்வக் கன்னு? அடேயப்பா! அடேயப்பா! என்னா திமிலு! அப்பய்யா, பேச்சே இல்ல. புதுக் கோயில் காளை இதுதான். வர்ற வெள்ளிக்கிழமை மாலை போட்டு அவுத்து விடுறோம்.

— கோயில் காளையா? மச்சான், இது ரொம்பச் சின்னது...

— வளரும்ய்யா. வழக்கப்படி எல்லார் வீட்டுக் காளைக்கன்னையும் வரிசையில நிறுத்தித் தடவிப் பாக்கணும். இந்த வருஷம் அந்த வரிசையே வேண்டாம். என் வீட்டுலயும் ஒண்ணு கிடக்கு. அதையெல்லாம் யாரும் பாக்க வேண்டாம். இதோட முடிச்சிருவோம்.

— மாமா, முடியாது.

— அவ கிடக்கா மச்சான். விலங்கியல் படிச்சுப் படிச்சு மூளை காஞ்சு போச்சு.

— காயல. மாமா, இது ஊசிக்கன்னு.

— லிங்கம்மா!

— என்னது! ஊசியா? பாத்தியா அப்பய்யா, பொம்பளப் பிள்ளையப் படிக்க வச்ச லட்சணம்! காளை முகம் பாக்காம ஊசியில பிறக்குறதெல்லாம் ஒரு பிறப்பா? சாமி குத்தம்!

— உங்க கையில அம்மை குத்துன தழும்பு இருக்கே, அது எங்கருந்து வந்துச்சு? கன்னுக்குட்டி தோல்ல வளத்து எடுத்த மருந்து மாமா. அதுவும் ஊசியிலதான் உள்ள போச்சு.

— அப்ப நான் என்ன, பாதிக் கன்னா?

— மீதி என்னன்னு நான் சொல்லல.

— அப்பய்யா, உன் மக வாயக் கேட்டியா!

— வாய விடுங்க, விசயத்தைக் கேளுங்க. பால் வேணும்னு தெரிஞ்சு போடுறவுக போடட்டும், நானே கூட வந்து மாட்டைப் பிடிக்கிறேன். ஆனா இதைக் கோயில் காளையா அவுத்து விட்டா, பாளையம்பட்டியில இருந்து கிழக்க திருச்சுழி ரோடு வரைக்கும் சம்சாரிக மாடெல்லாம் இதுக்குத்தான் சினை பிடிக்கும். அவுக வெயில்ல கரிசல் உழுகுறவுக. திமிலு இல்லாத காளை கழுத்துல நுகத்தடி நிக்குமா? அவுகளக் கேட்டீகளா? சாமி பேரைச் சொல்லி, கேக்காதவன் தொழுவத்துல கை வைக்கிறது எந்தச் சாமிக்கு அடுக்கும்?

— திமிலு இல்லாத காளையா? கண்ணு முன்னால மலை மாதிரி நிக்குதே!

— நிக்குதா? இந்தா.

— ஏத்தா, முடிச்ச அவுக்காத! ஐயோ அவுத்துட்டாளே!

— பிடிங்க மாமா, உங்க மலையை. அறுபதாம் நம்பர் நூலு.

— நூலா? வெறும் நூலா!

— மச்சான், மன்னிச்சிருங்க. இலை போட வேண்டாம். ஊரை விட்டு மட்டும் ஒதுக்கிராதீக.

— போச்சு. எல்லாம் போச்சு. இந்தக் கன்னைக் காட்டித் தப்பிச்சிரலாம்னுதான சேதி கேட்டதும் ஓடியாந்தேன். இனி வரிசை நிறுத்தணும். என் வீட்டுக் கன்னையும் ஊரே தடவிப் பாக்கும்.

— பாத்துட்டுப் போகட்டுமே மாமா. உங்களுக்கு என்ன பயம்?

— முதல்ல கதவைச் சாத்துத்தா. ஏய் அப்பய்யா, இந்த முடிச்சு எப்படிய்யா போட்ட? நான் மைதாப் பசையில ஒட்டித் தொலைச்சேன், தாய்மாடு நக்கி நக்கியே திமிலைத் தின்னுருச்சு.