லாவா பட்ட கை

— கையை ஏன் பின்னால கட்டிக்கிறீங்க, தனசிங்? நான் அப்பவே பார்த்துட்டேன்.

— மறைக்கலைங்க. வந்து… பார்க்க நல்லா இருக்காதேன்னுதான். அது லாவா பட்டது.

— லாவாவா?

— ஆமா கிருபா. அந்தமான்ல ஒரு எரிமலை இருக்குல்ல? சர்வே ஆபீஸ்ல என்னை அங்க அனுப்பினாங்க. குனிஞ்சு பார்த்தேன், மாக்மா தெறிச்சு மணிக்கட்டுல விழுந்துடுச்சு.

— பூமிக்குள்ள இருக்கிறவரைக்கும்தான் அது மாக்மா. வெளிய வந்துட்டா லாவா. சரியா?

— ஜியாகிரபி டீச்சர்கிட்ட வந்து மாட்டிக்கிட்டேன் பாருங்க!

— சிரிக்காதீங்க. என்ன கலர்ல இருந்துது?

— வந்து… சிவப்பு. நல்லா ரத்தச் சிவப்பு.

— அப்படின்னா ஆறிக்கிட்டு இருந்த லாவா. அதுவே எழுநூறு டிகிரி இருக்கும். புதுசா பொங்கி வர்றது மஞ்சளா இருக்கும், ஆயிரத்து நூறு, ஆயிரத்து இருநூறு டிகிரி. தண்ணி கொதிக்கிறதுக்கு நூறே போதும். எழுநூறு டிகிரியில உருகின கல்லு விழுந்திருந்தா எலும்புவரைக்கும் போயிருக்கும். அந்தக் கையால கொஞ்சம் முன்னாடி உள்ள காபி டம்ளர் பிடிச்சிருக்க முடியாது.

— ஒரு சொட்டுதாங்க பட்டுது.

— ஒரு சொட்டுக்கு முழங்கைவரைக்கும் தழும்பா? அதுவும் அந்த எரிமலை நூறு வருஷமா தூங்குதுன்னு செம்பாக்கத்துல என் எட்டாங்கிளாஸ் பிள்ளைங்களுக்கே தெரியும். எந்த வருஷம் போனீங்க?

— அறுபத்தொன்பது. இல்ல, எழுபது.

— கப்பல்ல எத்தனை நாள்?

— என்னங்க இது, பொண்ணு பார்க்க வந்தேனா, கோர்ட்டுக்கு வந்தேனா? கிணத்தடி நிழல்ல பத்து நிமிஷம் பேசிட்டு வாங்கன்னு பெரியவங்க அனுப்பினா…

— எனக்கு முப்பத்தொண்ணு ஆகுது. இதுவரைக்கும் ஏழு பேர் வந்து பார்த்துட்டுப் போயாச்சு. கறுப்புன்னான் ஒருத்தன், வயசுன்னான் ஒருத்தன். மூஞ்சிக்கு நேரா சொன்னாங்க, அழுதுட்டு எழுந்துட்டேன். பொய் சொன்னது நீங்க ஒருத்தர்தான். கையை நீட்டுங்க.

— வேணாம் கிருபா.

— நீட்டுங்க. இப்படித் திருப்புங்க… இது மேல தெறிச்சது இல்ல. உருகி ஒட்டிக்கிட்டது. பிச்சு எடுக்கிறப்போ தோலும் கூடவே வந்திருக்கு. எங்க ஸ்கூல் ஆயா தபீதாள் கையிலயும் இதேதான். தீப்பிடிச்ச நைலான் புடவை. நைலான் உருக இருநூத்தைம்பது, இருநூத்தறுபது டிகிரி போதும். எரிமலைக்குப் போக வேண்டியதில்ல.

— மெதுவா பேசுங்க. உள்ள கேட்டுடப் போகுது.

— யாரோட புடவை?

— சாராளோடது.

— யார் சாராள்?

— என் சம்சாரம்.

— கல்யாணம் ஆனவரா நீங்க? தரகர் ஒரு வார்த்தை சொல்லலையே!

— அவருக்கே தெரியாது. அப்போ பீர்க்கன்கரணையில வாடகை வீடு. நாலு வருஷம் ஆச்சு. ஆஸ்பத்திரியில மூணு நாள் இருந்தா, போயிட்டா.

— ஸ்டவ் வெடிச்சுதா?

— வெடிச்சுதுன்னுதான் போலீஸ்ல எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

— நான் அதைக் கேட்கலை. ஆண்டவர் அறிய சொல்லுங்க.

— ஸ்டவ் அன்னிக்குப் பத்தவே வைக்கலைங்க. நான் வேலை முடிஞ்சு வர்றேன், வாசல்லயே மண்ணெண்ணெய் வாடை. உள்ள அவ கத்துறா. சமையல் ரூமுக்கு வெளிய தாழ்ப்பாள். திறந்து, ஓடி, அவளை அப்படியே கட்டிப் பிடிச்சுத் தீயை அணைச்சேன். அப்பதான் புடவை கையில ஒட்டிக்கிச்சு.

— வெளிய தாழ்ப்பாளா? வெளிய யார் போட்டா?

— என்னைக் கேட்காதீங்க.

— நீங்களா?

— ஐயோ, இல்ல! நான் போட்டிருந்தா ஏங்க திறக்கப் போறேன்?

— பின்ன யாருக்காகப் பொய்க் கையெழுத்துப் போட்டீங்க? சரி, அது வேணாம். இந்த லாவாக் கதையை யார் சொல்லிக்குடுத்தது? அதையாவது சொல்லுங்க.

— தாழ்ப்பாள் போட்டவங்கதான் சொல்லிக்குடுத்தாங்க. இப்ப உள்ள உங்க அம்மாகிட்ட, உங்களை மருமகளா இல்ல, மகளா வச்சுக்கிறேன்னு சொல்லிக்கிட்டு இருக்காங்க.